கிரே ஸ்ட்ரீட் கட்டடத்தில் ஃபயர் அலாரம் பேனலை மாற்றிய கதை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், கிரே ஸ்ட்ரீட் (இப்போதைய பெயர் டாக்டர் யூசுப் டாடூ ஸ்ட்ரீட்) பக்கம் நாலு மாடிக் கட்டடம். கீழே புடவைக் கடை, மசாலாக் கடை, பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு) விற்கும் சாப்பாட்டுக் கடை. மேலே எல்லாம் அலுவலகங்கள். பேனல் என்பது டிடெக்டர் வயர்கள் எல்லாம் வந்து சேரும் கட்டுப்பாட்டுப் பெட்டி. பழையது கன்வென்ஷனல் வகை: மாடிக்கு ஒரு ஜோன், ஜோனின் கடைசி டிடெக்டரில் ஒரு ரெசிஸ்டர். பேனலுக்குப் புகை தெரியாது, வயரில் ஓடும் கரண்ட்தான் தெரியும். ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் கரண்ட் எந்நேரமும் ஓடணும். நின்றால் வயர் அறுந்துவிட்டது என்று ஃபால்ட் காட்டும். கூடினால் தீ, ஒரேயடியாகக் கூடினால் ஷார்ட். எந்த அறை என்று மட்டும் சொல்லாது. காவலாளி ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்க்க வேண்டியதுதான்.

புதிதாகப் போட்டது அட்ரஸபிள் பேனல். தீயைத் தாங்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் சிவப்புக் கேபிள் பேனலில் புறப்பட்டு, நாலு மாடியும் சுற்றி, பேனலுக்கே திரும்பி வரும். இதுதான் லூப். இதில் 94 கருவிகள், ஒவ்வொன்றுக்கும் தனி எண். ஓரிடத்தில் வயர் அறுந்தாலும் பேனல் இரண்டு முனையிலிருந்தும் பேசிச் சமாளித்துவிடும். ஷார்ட் ஆனால் அப்படி முடியாது. அதற்குத்தான் நடுநடுவே ஐசொலேட்டர். அது அந்தத் துண்டை மட்டும் வெட்டிவிடும். சோதிக்கும்போது பலர் வயரைக் கழற்றிப் பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். வேண்டுமென்றே ஷார்ட் பண்ணி, எத்தனை டிடெக்டர் காணாமல் போகிறது என்று எண்ணிப் பார்க்காத வேலை அரைகுறை வேலைதான்.

மாட்டி முடித்த அன்றே எர்த் ஃபால்ட். லூப்பின் ஒரு வயர் எங்கோ எர்த்தைத் தொடுகிறது என்று அர்த்தம். அதனால் உடனே எதுவும் நிற்காது, அதனால்தான் 'ஓடுதே' என்று விட்டுவிடுகிறார்கள். மற்ற வயரும் ஒருநாள் எர்த்தைத் தொட்டால் அது ஷார்ட். தேடும் வழி இது: லூப்பின் இரு முனைகளையும் பேனலிலிருந்து கழற்றி, மீட்டரில் ஒவ்வொரு வயருக்கும் எர்த்துக்கும் இடையே பார்க்கணும். பிறகு பாதி லூப்பில் பிரித்து, கெட்ட பாதியை மறுபடி பாதியாக்கணும். டிடெக்டர்கள் மாட்டியிருக்கும்போது 500 வோல்ட் மெகர் (வயரின் காப்பைச் சோதிக்கும் மீட்டர்) வைக்கவே கூடாது, போர்டுகள் போய்விடும். ஆறாவது பிரிப்பில் பிடிபட்டது. மூன்றாவது மாடியில், ஏசி தண்ணீர்க் குழாய்க்கு நேர் கீழே ஒரு ஜங்ஷன் பாக்ஸ். கேபிளை மேல்பக்கமாக நுழைத்திருந்தார்கள். மூடியைத் திறந்தால் டெர்மினலில் பச்சைக் களிம்பு, அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர். டர்பன் ஈரக்காற்றுக்கு பாக்ஸில் கேபிள் கீழிருந்துதான் ஏறணும்.

அடுத்து பேட்டரி. லோட் ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) உச்சத்தில் இருந்த 2022, 2023-இல் இந்த ஊரில் எத்தனையோ பேனல்களின் பேட்டரி இதனாலேயே செத்தது. சீல்டு லெட் ஆசிட் பேட்டரி எப்போதோ ஒருமுறை கைகொடுக்கச் செய்தது, தினம் இறங்கி ஏற அல்ல. கணக்கு இப்படி: சும்மா இருக்கும்போது 0.35 ஆம்பியர், 24 மணி நேரத்துக்கு 8.4. அலாரத்தில் 1.2 ஆம்பியர், அரை மணி நேரத்துக்கு 0.6, வேகமாக இறங்கும்போது பேட்டரி குறைவாகத்தான் தரும் என்பதால் அதை 1.75-ஆல் பெருக்கினால் 1.05. கூட்டி, வயதாவதற்காக 1.25-ஆல் பெருக்கினால் 11.8 ஆம்பியர் மணி. பழைய பேனலில் இருந்தது 7! புதியதில் 12 வோல்ட், 18 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டை சீரிஸில் போட்டோம். மீட்டர் 27.3 வோல்ட் காட்டுவதை வைத்து 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிடாதீர்கள். அது சார்ஜர் தரும் வோல்டேஜ். மெயினை அணைத்து, சவுண்டர்களை (அலாரம் ஒலிப்பான்களை) அடிக்கவிட்டுப் பார்த்தால்தான் பேட்டரியின் சுயரூபம் தெரியும்.

புடவைக் கடையில் வெள்ளிக்கிழமை தோறும் அலாரம். சாமி படத்துக்கு நேர் மேலே ஆப்டிகல் டிடெக்டர். உள்ளே ஒளி புகைத்துகளில் பட்டுச் சிதறினால் அது தீ என்று எடுத்துக்கொள்ளும். சாம்பிராணியா, சேலை எரிகிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்? "தம்பி, புரட்டாசி வருது, தூபம் போடாம முடியாது" என்றார் கடைக்கார அக்கா. "நீங்க போடுங்கக்கா, நாங்க இதை மாத்துறோம்." அதற்கு முன் யாரோ பிளாஸ்டிக் மூடியைப் போட்டு வாயை அடைத்திருந்தார்கள். அதைவிட டிடெக்டரே இல்லாமல் இருக்கலாம். புகையோடு வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்கும் மல்ட்டி சென்சாரைப் போட்டு, எந்த மூலையும் 7.5 மீட்டருக்கு மேல் போகாதபடி தள்ளி வைத்தோம். சாப்பாட்டுக் கடை அடுப்படிக்கு வெப்ப டிடெக்டர் மட்டும். அதன் எல்லை 5.3 மீட்டர்தான்.

அலாரம் வந்ததும் லிஃப்ட் தரைத்தளத்துக்கு இறங்கணும், காந்தத்தில் நிற்கும் தீக்கதவுகள் மூடணும், ஏசி விசிறி நிற்கணும், கார்டு வைத்துத் திறக்கும் கதவுகள் விடுபடணும். கடைசியது இங்கே தலைகீழாக இருந்தது: பேனலின் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இழுத்தால்தான் பூட்டு திறக்கும். பேனலே செத்தால் ஆட்கள் உள்ளே மாட்டிக்கொள்வார்கள். பூட்டின் சப்ளையையே ரிலே வழியாகக் கொண்டுபோய், ரிலே விட்டதும் திறக்கும்படி மாற்றினோம்.

காவலாளிகளுக்குச் சொன்னது ஒன்றுதான்: சத்தத்தை நிறுத்தலாம், ஆனால் போய்ப் பார்க்கும்வரை ரீசெட்டைத் தொடாதீர்கள். வாரம் ஒரு கால் பாயிண்ட்டை (தீ என்றால் கையால் அழுத்தும் சிவப்புப் பெட்டி) சோதிக்கணும், ஒவ்வொரு வாரமும் வேறொன்று. சோதனைச் சாவி பேனல் கதவின் உள்பக்கம் தொங்குகிறது, பதிவுப் புத்தகம் அதன் கீழே.