மீன் தலைக் கறி: குழம்பு முந்த வேண்டும், மீன் பிந்த வேண்டும்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு முன்பே சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் உள்ள மீன் பகுதிக்குப் போய்விட வேண்டும் என்பது என் தாயாரிடமிருந்து எனக்கு வந்த பழக்கம். நாம் சங்கரா என்றும் மலாய்க்காரர்கள் ஈக்கான் மேரா என்றும் அழைக்கும் சிவப்பு மீனின் தலை ஒரு கிலோ எடையில் அமைந்தால், நான்கு பேருக்குத் தாராளமாகப் போதும். கண் தெளிவாகவும் செவுள் நல்ல சிவப்பாகவும் இருப்பதைப் பார்த்து, கழுத்துச் சதையைச் சற்றுக் கூடுதலாக விட்டு வெட்டித் தரச் சொல்லி, இரண்டாகப் பிளந்து வாங்கி வருவேன்.

முழுத் தலையையே தென்னிந்தியக் குழம்பில் இட்டுத் தனிக் கறியாகப் பரிமாறும் வழக்கம் சிங்கப்பூரில்தான் பிறந்தது. கேரளத்திலிருந்து வந்து 1949இல் இங்கே உணவகம் தொடங்கிய எம்.ஜே. கோமஸ், மீன் தலையை விரும்பி உண்ணும் சீன வாடிக்கையாளர்களை மனத்தில் வைத்து, அதைத் தென்னிந்தியக் குழம்பில் சமைத்துக் கொடுத்தார் என்பார்கள். பிற்காலத்தில் ரேஸ் கோர்ஸ் சாலை உணவகங்கள் அதைப் புகழ்பெறச் செய்தன. இரு சமூகங்களின் நாவும் சேர்ந்து உருவாக்கிய இந்த உணவை வீட்டு அடுப்பில் சமைப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

வீட்டில் பலரும் தவறுவது ஒரே இடத்தில்தான். குழம்பு பச்சை வாசனையோடு கொதிக்கும்போதே தலையைப் போட்டுவிடுகிறார்கள். மசாலா வேகும் நேரத்திற்குள் மீன் குழைந்துவிடுகிறது. ஒரு முறை விருந்தினர் வரும் அவசரத்தில் நானும் அப்படிச் செய்து, கன்னத்துச் சதை முழுவதும் குழம்பில் கரைந்து போனதைப் பார்த்து மிகவும் வருந்தினேன்.

ஆகவே குழம்பை முதலில் முழுமையாக முடித்துவிடுங்கள். ஆறு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகும் ஒரு தேக்கரண்டி வெந்தயமும் தாளித்து, வெந்தயம் கருகிக் கசப்பேறுவதற்கு முன்பே கறிவேப்பிலை, 200 கிராம் சின்ன வெங்காயம், ஒரு கைப்பிடி பூண்டு ஆகியவற்றைச் சேர்த்து வதக்க வேண்டும். மூன்று தக்காளிகள் கரைந்ததும் தீயைக் குறைத்து, நான்கு மேசைக்கரண்டி மீன் மசாலாத் தூளைச் சேர்த்து, எண்ணெய் ஓரத்தில் பிரியும் வரை பொறுமையாகக் கிளற வேண்டும். குழம்பின் நிறமும் மணமும் பெரும்பாலும் இந்தச் சில நிமிடங்களில்தான் அமைகின்றன. பிறகு எலுமிச்சை அளவு புளியை முக்கால் லிட்டர் நீரில் கரைத்து ஊற்றி, உப்புச் சேர்த்து, இருபது நிமிடம் கொதிக்கவிடுங்கள். கத்தரிக்காயை இந்தக் கொதியிலேயே போடலாம். வெண்டைக்காயை மட்டும் தனியாக எண்ணெயில் வதக்கி, வழவழப்பு நீங்கிய பிறகு சேர்ப்பதே சரி. அன்னாசித் துண்டு சேர்ப்போரும் உண்டு. எனக்குப் புளியின் புளிப்பே போதும்.

உப்பும் மஞ்சளும் தடவிக் கழுவி வைத்த தலையைக் குழம்பில் இறக்கிய பிறகு கரண்டியால் கிளறவே கூடாது. சட்டியின் இரு காதுகளையும் துணியால் பிடித்து மெல்லச் சுழற்றினால் போதும். மூடி வைத்து, மிதமான தீயில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடங்களில் கண் வெண்மையாக மாறி, கழுத்துச் சதை எலும்பிலிருந்து எளிதில் விலகத் தொடங்கும். அப்போது அரைக் கோப்பை கெட்டித் தேங்காய்ப் பாலை ஊற்றி, ஒரு கொதி வருமுன் அடுப்பை அணைத்துவிடுவேன்.

உடனே பரிமாறாமல் அரை மணி நேரம் சட்டியை அப்படியே விட்டுவைத்தால், புளிப்பும் காரமும் சதைக்குள் இறங்கும். எங்கள் வீட்டில் கன்னத்துச் சதை தாயாரின் இலைக்குத்தான் முதலில் போகும். மீதமிருக்கும் குழம்பிலிருந்து எலும்புகளை நீக்கி, ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் காலை சூடாக்கித் தோசையோடு உண்போம்.