வியாசர்பாடி பக்கம் வாடகை வீடு: முதலில் மீட்டரைப் பாருங்கள்

வடசென்னையில் வியாசர்பாடி, பெரம்பூர், கொருக்குப்பேட்டை பக்கம் ஓர் அறையும் சமையற்கட்டுமாக வீடு தேடுகிறவர்கள் செல்போன் ஆப்பை நம்பி உட்கார வேண்டாம். குறைந்த வாடகை வீடுகள் அதில் வருவது அபூர்வம். மளிகைக் கடையிலும் இஸ்திரி வண்டியிலும் விசாரியுங்கள். எந்த வீடு காலியாகப் போகிறது என்பது டு-லெட் அட்டை தொங்குவதற்கு முன்பே இஸ்திரிக்காரருக்குத் தெரிந்திருக்கும். புரோக்கர் வழியாகப் போனால் பெரும்பாலும் ஒரு மாத வாடகை கமிஷன்.

வீட்டுக்குள் போவதற்கு முன் மாடிப்படிக்குக் கீழே உள்ள ஈ.பி. மீட்டர்களை எண்ணுங்கள். நான்கு குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் என்றால் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8, 9 ரூபாய் என்று வசூலிப்பார்கள். உங்கள் வீட்டுக்கென்று தனி இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு மாதத்தில் 150 யூனிட் ஓடுகிற குடும்பத்துக்கு அந்தக் கணக்கில் 150 ரூபாய்கூட வராது. சப்-மீட்டரில் 9 ரூபாய் வீதம் 1,350. வீட்டுக்காரரையே முழுக்கக் குறை சொல்லவும் முடியாது: நான்கு குடும்பத்தின் யூனிட்டும் ஒரே மீட்டரில் சேர்ந்து 500-ஐத் தாண்டினால் அவருக்கும் கட்டணம் எகிறும். ஆனாலும், 500 ரூபாய் கூடுதல் வாடகை கேட்கிற தனி மீட்டர் வீடே பல சமயம் மலிவு.

தண்ணீரைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்துக் குடித்தனக்காரரிடம் கேளுங்கள். மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர், எத்தனை மணிக்கு வருகிறது, அடிபம்பா மோட்டாரா, மாதம் தண்ணீர்க் காசு எவ்வளவு என்பதெல்லாம் அங்கேதான் சரியாகத் தெரியும். தரைத்தளம் என்றால் சுவரில் முழங்கால் உயரத்தில் ஈரக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக வெள்ளையடித்திருந்தால் கதவு நிலையின் அடிப்பாகத்தைப் பாருங்கள், மரம் ஊறியிருந்தால் மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறையை நடுமத்தியானத்தில் போய்ப் பாருங்கள், மாலையில் எல்லா அறையும் குளுகுளுவென்றுதான் இருக்கும்.

அட்வான்ஸ் பத்து மாதம் கேட்பது சென்னை வழக்கம். தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைதான் வரம்பு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர. அந்தத் 'தவிர'வில்தான் பத்து மாதமும் நுழைகிறது. சட்டத்தைச் சொல்லி வாதாடுவதைவிட ஐந்து மாதத்துக்குப் பேசிப் பாருங்கள், படிவது உண்டு. ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். கேஸ் இணைப்புக்கும் ரேஷன் கார்டு முகவரி மாற்றத்துக்கும் அது உதவும்.

அரசு ஏழைகளுக்கு ஒதுக்கித் தருகிற வாரியக் குடியிருப்பில் (பழைய குடிசை மாற்று வாரிய வீடுகள்) மலிவாக உள்வாடகைக்குக் கிடைக்கிறது என்பார்கள். ஒதுக்கீடு பெற்றவருக்கே அதை வாடகைக்கு விட உரிமை கிடையாது, சோதனை வந்தால் வெளியேறப் போவது நீங்கள்தான். மாத வாடகைக்குப் பதிலாக லீசுக்கு மொத்தப் பணம் கொடுக்கிறவர்கள் முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வீடு வங்கிக் கடனில் இருந்தால் பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும்.

சாவி வாங்குகிற அன்றே மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பழைய குடித்தனக்காரர் வைத்துவிட்டுப் போன பாக்கி உங்கள் தலையில் விழாது.