எழுப்பி நிறுத்துகிற வேலை

கோயில் சுரூபம், அதாவது மாதா, புனிதர் சிலை, திருத்துகிறவனுக்கு முதல் எதிரி உப்புக்காற்று. மட்டக்களப்புக் கல்லடியில் என் பட்டறைக்கு ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். சீமெந்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்து ஊதும், மேலே வெடிக்கும். அநேகமாக விரலில்தான் தொடங்கும், அங்கே பூச்சு மெல்லிசு. அந்தோனியார் கையிலுள்ள பாலனுக்கு எத்தனை விரல் வைத்திருப்பேனோ!

என்னிடம் வேலை பழகும் தம்பி ஒருநாள் கைபேசியில் ஒரு படம் காட்டினான். இத்தாலியர் மவுரிசியோ கத்தெலான் 1999இல் செய்வித்த சிற்பம். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் (இரண்டாம் ஜான் பால்), ஆளளவு மெழுகு உருவம், விண்கல் அடித்துச் சிவப்புக் கம்பளத்தில் விழுந்து கிடக்கிறார். 1995இல் கொழும்புக்கு வந்து இலங்கையில் மறைபணி செய்த ஜோசப் வாஸ் அடிகளை, புனிதர் பட்டத்துக்கு முந்திய படியான அருளாளராக உயர்த்தியவர். சிற்பம் செய்தபோது உயிரோடுதான் இருந்தார்.

“மாஸ்டர், கல்லைத் தூக்கினா எழும்பிடுவாரா?”

அதையே செய்து பார்த்தவர்களும் உண்டு. 2000 டிசம்பரில், அவருடைய சொந்த நாடான போலந்தின் வார்சாவில் காட்சிக்கு வைத்தபோது, நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருவர் கல்லை அகற்றி அவரை நிறுத்தப் பார்த்தார்கள். கலைக்கூட இயக்குநர் அண்டா ரொட்டன்பெர்க் கடைசியில் பதவியை விட வேண்டி வந்தது. அது அநியாயம். ஆனால் அந்த இருவரின் கை எனக்கு விளங்குகிறது. விழுந்த சுரூபத்தைக் கண்டால் என் கையும் அப்படித்தான் போகும், பிழைப்பே அது. நின்ற கோலத்தில் செய்வித்த உருவத்தைக் கத்தெலானே காலை அறுத்துக் கிடத்தினார் என்று பிறகுதான் வாசித்தேன்.

சரி, கிடக்கும் திருவுருவம் நமக்குப் புதிதா? பெரிய வெள்ளியில் இறந்த ஆண்டவரைக் கிடத்தி, வரிசையில் நின்று பாதம் முத்தி செய்கிறோம். வர்ணம் பூசக் கொண்டுவரும்போது, காயம் நன்றாகத் தெரியட்டும் என்றே சொல்வார்கள். ஆண்டவர் கிடக்கலாம், அவர் பேரால் ஆளுகிறவர் கிடக்கக்கூடாது. அங்கேதான் இடிக்கிறது. சிற்பத்தின் பெயர் ‘ஒன்பதாம் மணி’. “ஏன் என்னைக் கைவிட்டீர்” என்று ஆண்டவர் சிலுவையில் கதறிய நேரம், விடியலிலிருந்து எண்ணும் பழைய கணக்கில் ஒன்பது, நமக்குப் பிற்பகல் மூன்று மணி.

கேலி என்று பலர் சொன்னார்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை. கண் மூடியிருக்கிறது, கல் மேலே கிடக்கிறது, சிலுவைக்கோலைக் கை விடவில்லை. முகச்சாயல் கொண்டுவர எத்தனையோ பேரால் முடியும். அந்தப் பிடியைக் கொண்டுவருவது லேசில்லை. மெழுகில் அதை வடித்தவர் கத்தெலான் இல்லை, பிரெஞ்சுக் கைவினைஞர் டானியேல் துருவே. இந்த மாதிரி வேலைகளுக்கெல்லாம் தானே படைப்பாளி என்று துருவே போட்ட வழக்கைப் பாரிஸ் நீதிமன்றம் 2022இல் ஏற்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

“யாராவது இப்படி ஒன்று கேட்டா செய்வீங்களா?” என்றான் தம்பி.

செய்வேன், அடியில் என் பெயரை வெட்டிவிட்டுத்தான் கொடுப்பேன் என்றேன்.