திட்டத்துக்கும் நடந்ததற்கும் இடையில்

உற்பத்திப் பிரிவு மேற்பார்வையாளர் ஒருவரைப் பற்றி நான் எழுதிய ஒரு வரியிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும். "மூலப்பொருள் செலவு பட்ஜெட்டைவிட 15.2 சதவீதம் அதிகம், கட்டுப்பாடு தேவை." மாத அறிக்கையில் அந்த வரி சிவப்பில் இருந்தது. கூட்டத்தில் அவர் எழுந்து, "இந்த மாசம் உருப்படி அதிகமாப் போயிருக்கு சார்" என்றார். நிர்வாகம் எண்ணைத்தான் பார்த்தது. எண்ணைத் தந்தவன் நான்.

அப்போது கணக்குப் பிரிவில் எனக்கு எட்டு வருட அனுபவம். பட்ஜெட் போடுவதென்றால் போன வருடத் தொகையின் மேல் ஒரு சதவீதத்தை ஏற்றுவது என்றுதான் பழகியிருந்தேன். மேலே எப்படியும் வெட்டுவார்கள் என்று துறைகள் கூட்டிக் கேட்கும். கூட்டித்தான் கேட்டிருப்பார்கள் என்று மேலே வெட்டுவார்கள். இரண்டு மாதம் இந்த இழுபறியிலேயே போகும். அடுத்த வருடம் நிறுவனம் என்ன செய்யப்போகிறது என்ற பேச்சு அதில் எங்கேயும் வராது.

அந்த நிலையில்தான் பட்ஜெட், முன்கணிப்பு பற்றிய ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முதல் நாளே பயிற்சியாளர், "பட்ஜெட்டுக்கும் முன்கணிப்புக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார். எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. பட்ஜெட் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட திட்டம். வருடம் முழுக்க அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். முன்கணிப்பு, இன்று கையில் உள்ள தகவலை வைத்துப் பார்த்தால் எங்கே போய் நிற்போம் என்று சொல்வது. தகவல் மாறினால் அதுவும் மாற வேண்டும். எங்கள் அலுவலகத்தில் இரண்டும் ஒரே எண். இந்த மாதம் எவ்வளவு வரும் என்று விற்பனைப் பிரிவைக் கேட்டால் பட்ஜெட் எண்ணையே ஒப்பிப்பார்கள், குறைத்துச் சொன்னால் திட்டு விழும் என்பதால். அந்த எண்ணை நம்பிப் பணம் தருவதாகத் தேதி சொல்லிவிட்டு, மாதக் கடைசியில் சப்ளையர்களிடம் தவணை கேட்பது என் வேலையாக இருந்தது.

இரண்டாம் நாள் பூஜ்ய அடிப்படை பட்ஜெட். அமெரிக்காவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் இருந்த பீட்டர் பைர் 1970-இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுத, ஜார்ஜியா மாநில ஆளுநராக இருந்த ஜிம்மி கார்ட்டர் அதைத் தன் மாநிலத்தில் கொண்டுவந்தார். 1977-இல் அதிபரானதும் மத்திய அரசுக்கும் கொண்டுபோனார். போன வருடம் எவ்வளவு என்பதை மறந்துவிட்டு, ஒவ்வொரு செலவும் ஏன் வேண்டும் என்று முதலிலிருந்து காரணம் சொல்ல வேண்டும். எல்லாத் தலைப்புக்கும் ஒவ்வொரு வருடமும் இதைச் செய்தால் வேறு வேலை நடக்காது என்பது என் எண்ணம். ஓரிரு தலைப்புக்குச் செய்தால் பலன் உண்டு. திரும்பி வந்ததும் மென்பொருள் சந்தாவுக்கு மட்டும் செய்து பார்த்தேன். வேலையை விட்டுப் போனவர்கள் பெயரிலும் பணம் கட்டிக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள்தான் எனக்குத் தூக்கம் போனது. அன்றைக்குப் பாடம் நெகிழ்வு பட்ஜெட். எண்களைச் சுருக்கிச் சொல்கிறேன். 1,000 உருப்படி செய்வதாகத் திட்டம். ஒன்றுக்கு மூலப்பொருள் செலவு 50 ரூபாய். ஆகப் பட்ஜெட் 50,000. உண்மையில் செய்தது 1,200, செலவு 57,600. நேராகக் கழித்தால் 7,600 அதிகம். ஆனால் 1,200 உருப்படிக்கு அதே 50 வீதம் 60,000 ஆகியிருக்க வேண்டும். ஒன்றுக்கு 48-இல் முடித்து 2,400 மிச்சம் பிடித்திருக்கிறார்கள். திட்டத்துக்கும் நடந்ததற்கும் இடையில் 'இந்த அளவு உற்பத்திக்கு எவ்வளவு ஆகியிருக்க வேண்டும்' என்ற ஒரு நெடுவரிசை இருந்திருந்தால், அந்தச் சிவப்பு வரியே வந்திருக்காது. வாடகை, நிரந்தரச் சம்பளம் போன்றவற்றை இப்படி ஏற்றி இறக்கக் கூடாது. உற்பத்தியோடு சேர்ந்து நகரும் செலவுக்குத்தான் இந்தக் கணக்கு. எது நகரும், எது நகராது என்று பிரிப்பதுதான் கடினமான பகுதி. மின்கட்டணம் இரண்டிலும் கால் வைக்கும்.

அந்த மனிதர் கூட்டத்தில் சொன்னது இதைத்தானே என்று அன்றிரவு திரும்பத் திரும்பத் தோன்றியது. அவருக்குக் கணக்கின் பெயர் தெரியாது. விஷயம் தெரிந்திருந்தது.

நகரும் சராசரி, பருவ ஏற்ற இறக்கம் என்று முன்கணிப்பு போடும் முறைகள் எல்லாம் நான்காம் நாள். சூத்திரத்தை எக்செல் பார்த்துக்கொள்ளும். கடைசி நாள் அவரவர் நிறுவனத்தின் பழைய கணிப்புகளை எடுத்து, நடந்ததோடு ஒப்பிடச் சொன்னார்கள். கணிப்பு தவறுவது இயல்பு. சில மாதம் மேலே, சில மாதம் கீழே போகும். எங்களுடையதில் 12 மாதத்தில் 11 மாதம் ஒரே பக்கம் தவறியிருந்தது. வசூலிலும் அப்படித்தான். பில்லில் 30 நாள் என்று போட்டு அதையே கணிப்பிலும் போட்டிருந்தோம். வாடிக்கையாளர்கள் சராசரியாகக் கட்டியது 52-ஆம் நாள். இப்போது 13 வாரப் பணப்புழக்கக் கணிப்பை வாராவாரம் திருத்துகிறேன், 52-ஐ வைத்து.

திரும்பி வந்த முதல் நாள், பழைய அறிக்கையைப் புது முறையில் போட்டு எடுத்துக்கொண்டு உற்பத்திக் கூடத்துக்குப் போனேன். "சார், அன்னிக்கு நான் போட்டது தப்பு. நீங்க மிச்சம் பிடிச்சிருக்கீங்க" என்றேன். தாளை வாங்கி, நடு நெடுவரிசையில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதைக் கூட்டத்துலயும் சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் முதல் பக்கத்தில் அதைத்தான் வைத்தேன்.