மிக்சர் பாக்கெட்டுக்கு ஒரு தணிக்கை

ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொன்னால் எல்லோரும் முதலில் ஊறுகாயையும் அப்பளத்தையும் தான் நிறுத்துவோம். நானும் நிறுத்தினேன். ஆனால் ஆபீஸில் சாயங்கால டீயோடு பிரிக்கிற மிக்சர் பாக்கெட் யார் கண்ணிலும் படுவதில்லை. என் மகள் போனில் ஒரு உணவுக் கணக்கு ஆப்பைப் போட்டுக் கொடுத்த பிறகுதான் அந்தப் பாக்கெட்டின் முதுகைப் படிக்க ஆரம்பித்தேன். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவனுக்கு அட்டவணை கிடைத்தால் விடுவானா?

மிக்சர் பாக்கெட்டில் 100 கிராமுக்குப் போட்டிருந்தது இது: 561 கலோரி, புரதம் 12 கிராம், மாவுச்சத்து 45, கொழுப்பு 37, சோடியம் 780 மில்லிகிராம். பக்கத்திலேயே ‘ஒரு பரிமாறல் 30 கிராம், ஒரு நாள் சோடியத் தேவையில் 12%’ என்று சாந்தமாக ஒரு வரி. அந்த ஒரு நாள் அளவு 2000 மில்லிகிராம், அதாவது சுமார் 5 கிராம் உப்பு. நம் நாட்டு லேபிள் விதி வைத்துக்கொண்ட அடிப்படை அது. ஆனால் 30 கிராம் என்பது கம்பெனிக்காரர் முடிவு செய்த அளவு. பாக்கெட்டில் இருந்தது 150 கிராம். பேச்சு சுவாரஸ்யமாகப் போனால் முழுசும் காலி. 1170 மில்லிகிராம் சோடியம், இரண்டரையால் பெருக்கினால் கிட்டத்தட்ட 3 கிராம் உப்பு. நாள் கணக்கில் பாதிக்கு மேல் டீ நேரத்திலேயே முடிந்துவிட்டது.

சரி, ஆப்புக்கு வருவோம். பார்கோடை ஸ்கேன் செய்தால் அதே மிக்சர் வந்தது, 100 கிராமுக்கு 168 கலோரி என்று. எண்ணெயில் பொரித்த கடலைமாவு அவ்வளவு சாதுவா! இப்படிப்பட்ட ஆப்புகளில் பெரும்பாலான பதிவுகளை நம்மைப் போன்றவர்களே ஏற்றுகிறார்கள். யாரோ ஒருவர் 30 கிராம் பத்தியைப் பார்த்து 100 கிராம் கட்டத்தில் அடித்திருக்கிறார்.

புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9 என்று பெருக்கிக் கூட்டினால் இந்தத் தப்பு அகப்படாது. எல்லா எண்ணும் ஒரே விகிதத்தில் குறைந்திருப்பதால் 168 சரியாகவே டேலி ஆகும். பிடிக்க வேறு வழி உண்டு. புரதம், மாவுச்சத்து, கொழுப்பு மூன்றின் கிராமையும் கூட்டுங்கள். லேபிளில் 94 வருகிறது. மீதி ஈரப்பதம், உப்பு என்று சொல்லிவிடலாம். ஆப்பில் வந்தது 28. அப்படியானால் மீதி 72 கிராம் என்ன? தண்ணீரா? மொறுமொறு மிக்சரில்? தயிருக்கோ ஜூஸுக்கோ இந்தச் சோதனை பொருந்தாது, அவற்றில் தண்ணீர்தான் அதிகம். சிப்ஸ், பிஸ்கட், முறுக்கு மாதிரி உலர்ந்த சரக்குக்கு இது போதும்.

இதைவிட ஆபத்தானது காலிக் கட்டம். கலோரியை மட்டும் அடித்துவிட்டு சோடியத்தை விட்டுவிடுகிறார்கள் பலர். ஆப் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு ராத்திரி பச்சை நிறத்தில் பாராட்டுகிறது. வவுச்சர் இல்லாத செலவைச் செலவே இல்லை என்று எழுதுகிற கணக்கு அது. அதனால் புதுப் பாக்கெட் எதுவானாலும் சோடியத்தை நானே பார்த்து அடிக்கிறேன். இனிப்பு பிஸ்கட்டும் விதிவிலக்கில்லை. பொருள் பட்டியலில் 500 என்ற எண் தெரிந்தால் அது சோடா உப்பு வகை. நாக்குக்குத் தெரியாத சோடியம் அதிலும் இருக்கிறது.

பட்டியலைச் சொல்லும்போது இன்னொன்று: எடையில் அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. முன்பக்கம் கேழ்வரகுக் கதிர் படம் போட்ட ஒரு பிஸ்கட்டில் முதலில் மைதா, அப்புறம் சர்க்கரை, அப்புறம் பாமாயில். கேழ்வரகு நாலாவதாக நிற்கிறது.

லேபிளே இல்லாத அம்மாவின் முறுக்குக்கு என்ன செய்வது? ஆப்பில் ‘முறுக்கு, 1’ என்று இருக்கிறது. எந்த ஊர் முறுக்கு, எத்தனை சுற்று? போன தடவை அம்மா மாவு பிசையும்போது உப்பைத் தராசில் வைக்கச் சொன்னேன். “நாப்பது வருஷமா போடுற கைடா இது, அதுக்கும் எடைக்கல்லா?” என்று திட்டிக்கொண்டே வைத்தார். ஒரு கிலோ மாவுக்கு 15 கிராம். ஒரு கிராம் உப்பில் சோடியம் ஏறக்குறைய 400 மில்லிகிராம். சுட்டு எடுத்த முறுக்கு 1.4 கிலோ. ஆக 100 கிராமுக்கு 430 பக்கம். மிக்சர் பாக்கெட்டில் இருந்ததில் பாதியைக் கொஞ்சம் தாண்டுகிறது. ஆப்பில் அம்மா பெயரிலேயே ஏற்றி வைத்திருக்கிறேன்.