கித்தான் கூரை

செப்டம்பர் 19

பேரையூர் நிலத்தில் ராத்திரி தங்க, போலிரோ கேம்பர் பிக்கப்பின் பின்தொட்டியில் மாட்டுகிற ஒரு படுக்கைக் கூடு, தூக்கி மூடுகிற கூரையோடு. கூரைச் சட்டம் இரும்பா, அலுமினியமா? பட்டறைத் தம்பி இரும்பு என்கிறான். "வெல்டிங் ஈசிண்ணே, நாளைக்கே முடிச்சிரலாம்." கூரை ஆறடிக்கு ஐந்தடி. சுற்றுச்சட்டமும் குறுக்குச் சட்டங்களும் சேர்த்து முப்பத்தேழு அடி. ஒரு இஞ்ச் சதுரக் குழாய், ஒன்றரை எம்எம் கனம் என்று கணக்குப் போட்டேன். இரும்பில் பன்னிரண்டரை கிலோ வருகிறது, அலுமினியத்தில் நாலரை. மேலே 12 எம்எம் பிளைவுட் அடித்தால் இன்னும் இருபது கிலோ. கடை போர்டுக்குப் போடுகிற 3 எம்எம் ஏசிபி ஷீட் என்றால் அதில் பாதிதான். அந்தக் கூரையைத் தினம் சாயங்காலம் தூக்கப்போவது அம்மாவாகவும் இருக்கலாம். அலுமினியம்தான்.

செப்டம்பர் 20

வீட்டுக்காரர் மறுபடி போன் செய்தார். ஐப்பசி பிறந்ததும் காலி செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 24

கீல் எந்தப் பக்கம் என்பதே இன்று முழுக்க. நாலு மூலையும் நேராக எழும்பினால் உள்ளே இடம் தாராளம். ஆனால் நாலு பக்கமும் ஒரே அளவில் தூக்க வேண்டும், கொஞ்சம் கோணினால் மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் எழும்பினால் வேலை பாதி. அப்படியானால் கீல் கேபின் பக்கம், வாய் பின்பக்கம். உசிலம்பட்டி ரோட்டில் எண்பதில் போகும்போது பூட்டு விட்டுப்போனாலும் எதிர்காற்று கூரையை அழுத்துமே தவிர அடியில் புகுந்து பிய்க்காது. படுக்கும்போது தலை பின்பக்கம் வரும், அங்கே மூன்றடி உயரம். அம்மா உட்கார்ந்து தலைவாரிக்கொள்ளலாம்.

பியானோ கீல் முழு நீளத்துக்கும் போடச் சொல்லிவிட்டேன். இரும்புக் கீல் அலுமினியத்தில் நேராகப் படக்கூடாது. ஈரம் சேர்ந்தால் அலுமினியத்தை அரிக்கும். நடுவில் ரப்பர் பட்டை.

செப்டம்பர் 27

தூக்கம் வரவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை வைத்துத்தான் சொன்னது: தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது. போலிரோ கேம்பரின் உடம்பில் ஒரு ஓட்டை போடப்போவதில்லை, ஒரு பொட்டு வெல்டிங் வைக்கப்போவதில்லை. கூடு தனி, வண்டி தனி. பின்தொட்டியின் விளிம்பில் கிளாம்ப் போட்டு இறுக்குவது, நாலு பேர் பிடித்தால் இறங்கிவிட வேண்டும். எஃப்சிக்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, போகும்போது வண்டி வெறுமனே போகும். நிலத்துக்குப் போனதும் மாட்டிக்கொள்ளலாம்.

இதற்காகவே எடை. எல்லாம் எடையில் வந்து நிற்கிறது.

செப்டம்பர் 28

அம்மா பேசவில்லை. "அங்க ராத்திரி தங்க மாட்டேன்"னு மட்டும் சொன்னாள்.

அக்டோபர் 3

கூரையைத் தூக்கிப் பிடிக்கிற கேஸ் ஸ்ட்ரட் வாங்க சிம்மக்கல் பக்கம் அலைந்தேன். கடைக்காரர் கட்டிலுக்குப் போடுகிற ஆயிரம் நியூட்டன் ஜோடியை எடுத்து வைத்தார். "இதப் போடுங்க சார், பூப்போலத் தூக்கும்." நூறு நியூட்டன் என்றால் ஏறக்குறைய பத்து கிலோ. நம் கூரைக்கு அந்தப் பலம் வந்தால் மூடவே முடியாது, மெல்லிய சட்டம் முறுக்கிக்கொள்ளும். முந்நூறு நியூட்டனில் ஒரு ஜோடி கேட்டு வாங்கினேன். ஸ்ட்ரட் கீலுக்குக் கிட்டே போகப்போக அதிக பலம் கேட்கும், அதனால் கொஞ்சம் தள்ளியே பொருத்த வேண்டும். மூடியிருக்கும்போது தண்டு கீழ்ப்பக்கம் பார்த்தபடி இருந்தால் உள்ளிருக்கும் எண்ணெய் சீலை நனைத்துக்கொண்டே இருக்கும், ஆயுள் கூடும்.

உள்ளே இருப்பது நைட்ரஜன். சூடேறினால் அழுத்தம் கூடும், பத்து டிகிரிக்கு மூன்று நாலு சதவீதம். பிற்பகல் வெயிலில் தானே எழும்புகிற கூரை விடிகாலைக் குளிரில் சோம்பல்படும். அம்மா எழுந்திருப்பது விடிகாலையில். விடிகாலையில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

அக்டோபர் 6

புதுமண்டபத்தில் இருந்த தையல்காரர்களை இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் பார்க்கலாம். கூரை எழும்பும்போது பக்கச் சுவராக நிற்கப்போகிற கித்தானைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நம்ம மிஷினு இத இழுக்காதுங்க" என்றார் ஒருவர். அவரே லாரி தார்ப்பாய் தைக்கிறவரின் இடத்தைச் சொன்னார். அங்கே போனால் அந்தப் பெரியவர் முதலில் கேட்டது, "பிளாஸ்டிக்கா, பருத்தியா?" பருத்தி. பிளாஸ்டிக் தார்ப்பாய்க்குள் மூச்சுவிட்டால் விடிவதற்குள் உள்ளே வேர்த்துச் சொட்டும். பருத்தி நனைந்தால் நூல் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். தையல் ஓட்டைதான் கவலை. தைத்ததும் ஒருமுறை நன்றாக நனைத்துக் காயவைக்கச் சொன்னார், தையலில் தேன்மெழுகு தேய்க்கவும் சொன்னார். பக்கங்கள் இரண்டும் முக்கோணம் என்றதும் வேறு ஒன்றும் கேட்காமல் சாக்பீஸை எடுத்தார். அந்தக் கையை நம்பலாம்.

அக்டோபர் 7

படி. தரையிலிருந்து பின்கதவு வரைக்கும் அம்மாவின் முட்டி எப்படி ஏறும்?

அக்டோபர் 10

ராத்திரி நல்ல மழை. மதுரைக்கு வருஷத்தில் அதிகம் பெய்வது இந்த மாதம்தான். கூரை பட்டறையில், கித்தான் பெரியவரிடம், மனசு பேரையூரில். கரிசலில் இந்த மழை விழுந்தால் ஓடையைத் தாண்டி ஃபோர் வீல் டிரைவ் இல்லாமல் ஒரு வண்டி போகாது. மக்காச்சோளம் பால் பிடிக்கிற நேரம், காட்டுப்பன்றி வரும். சித்தப்பா ஒற்றை ஆளாக டார்ச்சோடு நிற்கிறார்.

அக்டோபர் 13

நனைத்தோம். பட்டறை ஓஸைக் கூரை மேலே பிடித்தான் தம்பி, நான் உள்ளே படுத்துக்கொண்டேன். இடது முக்கோணத்தின் உச்சியில், மூன்று தையல் சேருகிற இடத்தில், பொட்டுப் பொட்டாக இறங்கியது. மற்ற இடமெல்லாம் காய்ந்தே இருந்தது! வெளியே வந்து தம்பியைக் கட்டிக்கொண்டேன். அந்த உச்சிக்கு மட்டும் இன்னொரு ஒட்டுத் துணி, அப்புறம் மெழுகு. மூடும்போது கித்தான் வெளியே பிதுங்காமல் உள்ளே மடிய நடுவில் எலாஸ்டிக் கயிறு கோத்தாயிற்று.

அக்டோபர் 14

அம்மா கேட்டாள்: "உங்கப்பா காவலுக்குக் கட்டுன பரண் எத்தனை அடி இருக்கும்?" ஏழடி என்றேன். "இது?" படுக்கை நாலடி. "அதுக்குத் தாழ்வுதான்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 16

படி முடிந்தது. இரண்டு மிதி, அலுமினியம், மேலே சொரசொரப்பான ரப்பர். ஒவ்வொரு மிதியும் அம்மாவின் பூஜை அறை வாசற்படி அளவு, அதற்கு மேல் ஒரு இஞ்ச் கிடையாது. மேலே ஏறி உள்ளே போகும் இடத்தில் ஒரு கைப்பிடியும் வைத்தோம். எடை மூன்று கிலோ கூடிவிட்டது. கூடட்டும்.

அக்டோபர் 18

விடிகாலை ஐந்து மணி, 24 டிகிரி. கூரை முக்கால்வாசி தானாக எழுந்தது, மீதிக்கு ஒரு விரல் போதும். பின்பக்கப் பீடிங் ரப்பர் வலது மூலையில் சரியாக உட்காரவில்லை, இன்று மாற்ற வேண்டும். சாமான் ஏற்ற ஒன்பது மணிக்கு ஆள் வருகிறது. அம்மா தன் தலையணையை வண்டியில் வைத்திருக்கிறாளா என்று