டெலிவரி மென்பொருள் வாங்கும் முன் முகவரிகளைச் சரிசெய்யுங்கள்

இரண்டு குட்டியானை வண்டி ஓடும்வரை நோட்டும் வாட்ஸாப்பும் போதும். ஏழெட்டு வண்டி ஆனபின் எந்த மூட்டை எதில் ஏறியது என்பது சூப்பர்வைசர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவர் லீவு எடுத்தால் குடோன் திணறும். மென்பொருள் தேவைதான். ஆனால் பெரும்பாலும் அது சறுக்குவது நாம் உள்ளே ஏற்றும் விவரங்களால்.

முதலில் முகவரி. சென்னையில் ஒரே கட்டடத்துக்குப் பழைய எண், புதிய எண் இரண்டும் புழக்கத்தில் உண்டு. பில்லில் ஒன்று, கதவில் மற்றொன்று. வரைபடம் குழம்பினால் பின்கோடு பகுதியின் நடுவே எங்கோ புள்ளி வைத்துவிடும். திரையில் ரூட் அழகாகத் தெரியும், வண்டி வேறு தெருவில் நிற்கும். ஆகவே வாடிக்கையான கடைகளுக்கு, சரக்கு இறக்கும்போதே டிரைவர் வாசலில் நின்று லொகேஷனைப் பதியட்டும். அட்சரேகை, தீர்க்கரேகையில் ஐந்து தசம இலக்கம் வேண்டும். மூன்றோடு வெட்டினால் நூறு மீட்டர் வரை தள்ளிப்போகும். சந்து நெருக்கமான ஊரில் அது வேறு தெரு.

எக்செலிலிருந்து ஏற்றும்போது கவனம். 12 இலக்க இ-வே பில் (சரக்கோடு போகவேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) எண்ணை எக்செல் 3.41E+11 போலச் சுருக்கும். அப்படியே சிஎஸ்வி-யாக (வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்தால் எண் போய்விடும். அந்த நெடுவரிசையை முதலிலேயே டெக்ஸ்ட் என மாற்றுங்கள்.

சரக்கு இறக்க ஆகும் நேரத்தை எல்லாக் கடைக்கும் ஒரே அளவாக வைக்காதீர்கள். கடைக்குப் பத்து நிமிடம் குறைத்துப் போட்டால், 20 கடையில் 3 மணி 20 நிமிடம் காணாமல் போகும். மாலை டெலிவரி தவறுவதற்கு டிரைவரைத் திட்டுவது நியாயமே இல்லை. எடையோடு நீள அகல உயரமும் தேவை: பிளாஸ்டிக் நாற்காலி ஏற்றினால் எடை வரம்பு வருமுன்னே வண்டி நிறைந்துவிடும்.

விற்பவரிடம் கட்டாயம் கேட்க வேண்டியது: வழியில் வண்டி பழுதாகி லோடு மாறினால், மென்பொருளில் வண்டி எண்ணை மாற்றியதும் இ-வே பில்லில் வண்டி எண் இருக்கும் பகுதி பி-யும் மாறுமா? மாறாவிட்டால் சோதனையில் சரக்கோடு வண்டியும் தடுத்துவைக்கப்படலாம். பொதுவாகச் சரக்கு மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இந்த பில் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் ஓடும் சரக்குக்கு வரம்பு ஒரு லட்சம்.

இரண்டு வாரம் ஒரே ஒரு ரூட்டில் ஓட்டிப் பாருங்கள், பழைய டிரிப் ஷீட்டும் கூடவே இருக்கட்டும். டிரைவர் போனில் பேட்டரி சேவரை அந்தச் செயலிக்கு மட்டும் அணைத்துவையுங்கள். இல்லையென்றால் திரை அணைந்ததும் ஜிபிஎஸ் நின்று, ஓடுகிற வண்டி நிற்பதாகக் காட்டும்.